ஒப்பந்தம் முடிந்துவிட்டது, பத்து நாளில் காலி செய் என்கிறார் ஹவுஸ் ஓனர். இல்லாவிட்டால் பூட்டை மாற்றுவாராம். சென்னையில் இருக்கிறோம், என்ன செய்யலாம்? வாடகையை அட்வான்ஸ்லயே கழிச்சுக்கச் சொல்லிடலாமா?

முதலில், வாடகையை நிறுத்தாதீர்கள். "அட்வான்ஸ்லயே கழிச்சுக்கச் சொல்லிடலாமா" என்று கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதைப் படித்ததும்தான் பகீரென்றது. கடைசி இரண்டு மூன்று மாதத்தை அட்வான்ஸில் கழிப்பது சென்னையில் எல்லோரும் செய்வதுதான், சுமுகமாகப் போகும்போது ஒன்றும் பிரச்சினை இல்லை. தகராறு என்று வந்தபின் அதைச் செய்தால், இரண்டு மாத பாக்கி, நோட்டீஸ் கொடுத்தும் கட்டவில்லை என்று ஓனர் ரென்ட் கோர்ட்டுக்குப் போக நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

நானும் அப்படித்தான் செய்யப் பார்த்தேன். 2022-ல் நங்கநல்லூரில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம், வழக்கமான பதினோரு மாத ஒப்பந்தம், பதிவெல்லாம் கிடையாது. மகன் ஊரோடு திரும்பி வருகிறான், மாசக் கடைசிக்குள் வீடு வேண்டும் என்று ஓனரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். (அடுத்து வருகிறவர்கள் நாலாயிரம் கூடத் தருகிறார்களாம் என்று கீழ்வீட்டு அக்கா சொன்னது வேறு கதை.) பிள்ளைக்குப் பரீட்சை, ஏப்ரல் வரை டைம் கொடுங்கள் சார் என்றேன். மறுநாள் மோட்டார் ரூமில் புதுப் பூட்டு தொங்கியது. மூன்று நாள் கேன் தண்ணீரில்தான் குளியல். வாடகையை நீட்டினால் கையை மடக்கிக்கொண்டார்.

தெரிந்த வக்கீல் ஒருவர், சண்டை போடாதே, எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டு வா என்றார். வாடகையை வழக்கமான தேதியில் அவர் வங்கிக் கணக்கில் போட்டு, குறிப்பில் எந்த மாத வாடகை என்றும் எழுதினேன். பூட்டைத் தேதியோடு போட்டோ எடுத்தேன். ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்மா, பேசித் தீர்த்துக்கோங்க" என்றுதான் ஆரம்பித்தார்கள். நான் வீட்டைப் பற்றிப் பேசவில்லை சார், தண்ணீரை அடைத்ததும் வீட்டுக்குள் புகுந்து சாமானை வெளியே போடுவேன் என்று மிரட்டியதும்தான் புகார் என்று எழுதிக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்று ஸ்டேஷனில் தருவது) வாங்கும் வரை உட்கார்ந்தே இருந்தேன். அன்று சாயங்காலமே மோட்டார் ஓடியது.

இப்போது சட்டம். பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது 2017-ல் இயற்றிய புதுச் சட்டம். தண்ணீர், கரண்ட் போன்றவற்றை ஓனர் நிறுத்தினால் அதன் 20-ஆம் பிரிவில் வாடகை அதிகாரியிடம் (துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர்) மனு கொடுக்கலாம், விசாரணை முடிவதற்கு முன்பே திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர் உத்தரவிட முடியும். வாடகையை வாங்க மறுத்தால் மணியார்டரிலோ வேறு வழியிலோ தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்பிப் பாருங்கள், அப்போதும் மறுத்தால் அந்த அதிகாரியிடமே கட்டலாம், 14-ஆம் பிரிவு. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றுகூட இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் என்று ஒரு வாலும் சேர்ந்திருக்கிறது, அதனால் பத்து மாதம் கேட்கிறவர் இன்னும் பத்து மாதம்தான் கேட்கிறார்.

உங்களுக்குப் பாதகமானதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் இருப்பதே இந்தச் சட்டத்தில் காலி செய்யக் கேட்க ஒரு காரணம், சென்னை உயர் நீதிமன்றத்திலும் ஓனர்கள் இதை வைத்து ஜெயித்திருக்கிறார்கள். காலம் முடிந்த பிறகும் இருந்தால் இரண்டு மடங்கு வாடகை கேட்கவும் அவருக்கு வழி உண்டு. ஆக, வருஷக்கணக்கில் இழுத்தடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது பழைய சட்டத்தின் காலம். ஆனால் வீடு அவருக்குத் திரும்பப் போகவேண்டும் என்றாலும் ரென்ட் கோர்ட் உத்தரவு வழியாகத்தான் போகவேண்டும், ஆள் வைத்துப் பூட்டை உடைக்க அவருக்கு உரிமை இல்லை. அப்படியும் வெளியே தள்ளினால், 1963-ஆம் வருட ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 6-ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டை மீட்கலாம், வீடு யாருடையது என்ற கேள்வியே அதில் வராது.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவி எண். பெண்களுக்கு வருமானம் பார்ப்பதில்லை, அதனால் வீட்டில் ஒப்பந்தம் யார் பெயரில் என்று பாருங்கள்.

நாங்கள் கோர்ட் வரை போகவில்லை. ஏப்ரல் கடைசி வரை இருப்பது, சாவி கொடுக்கும் அன்றே அட்வான்ஸ் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார், அதைத் தாளில் எழுத மறந்திருந்தேன்.