பேயீசியன் மாடல்களுக்கு ஸ்டான், பைஎம்சி, ஜாக்ஸ்: எதைக் கற்கலாம்?

தெரியாத அளவுகளை நிகழ்தகவாக மதிப்பிடும் பேயீசியன் மாடல்களை இயக்க உதவும் மென்பொருள்களான ஸ்டான், பைஎம்சி, ஜாக்ஸ் மூன்றில் எது வேகமானது என்று கேட்டிருக்கிறீர்கள். நம் கைக்கு வரும் சிறிய தரவுகளுக்கு வேகம் ஒரு பொருட்டே அல்ல. தரவில் உள்ள கோணலை எதில் ஒளிக்காமல் எழுத முடிகிறது என்று பாருங்கள்.

நான் வேலூரில் பார்ப்பது பெரும்பாலும் பாலாற்றுப் படுகையின் கிணற்று நீர் அறிக்கைகள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் ஆலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. நீரைச் சோதிக்கும் வேலை மட்டும் ஓயவில்லை. குரோமியம் பத்தியில் பல இடங்களில் எண் இருக்காது, ‘பி.டி.எல்.’ என்றிருக்கும். கருவியால் கண்டறிய முடியாத அளவு குறைவு என்று பொருள். அங்கே பூஜ்யம் போடுகிறவர்கள் உண்டு, கருவியின் கண்டறியும் வரம்பில் பாதியைப் போடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே இட்டுக்கட்டல்தான். ‘இவ்வளவுக்குக் கீழே’ என்பதை அப்படியே மாடலிடம் சொல்ல வேண்டும்.

ஆர் மொழி தெரியுமானால், அதில் ஸ்டானை எளிதாகப் பயன்படுத்த உதவும் பிஆர்எம்எஸ் என்ற நிரல்தொகுதி போதும். பி.டி.எல். வரிகளை, வரம்புக்குக் கீழே என்று பொருள்படும்படி, சூத்திரத்திலேயே ‘சென்ஸ்’ என்று குறிக்கலாம். கூடவே ‘(1 | கிராமம்)’ என்று சேர்த்தால், இரண்டே கிணறு சோதித்த கிராமத்தின் மதிப்பீடு பொதுச் சராசரியின் பக்கம் தானாகச் சாயும். ஸ்டான் நிரலை அதுவே எழுதி இயக்கிக்கொள்ளும். நேரடியாக ஸ்டானில் எழுதினால் அந்த வரிகளைத் தனியே பிரித்து, அவற்றுக்குரிய நிகழ்தகவை நாமே சேர்க்க வேண்டும்; சில வரி வேலைதான். பைத்தான்காரர்களுக்கு பைஎம்சி. அதில் இதே வேலைக்கான ‘சென்சார்ட்’ தயாராகவே இருக்கிறது. ஜாக்ஸிலும் செய்யலாம், ஆனால் அளவு வரம்புக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் ‘டிஇன்டர்வல்’ வழியே தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும். தொடக்க மதிப்பு வரம்போடு முரண்பட்டால் ஓடவே மறுக்கும்.

ஸ்டானையும் பைஎம்சியையும் நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், அவை போடும் கூச்சல். இரண்டும் வழக்கமாக நட்ஸ் என்ற மாதிரியெடுப்பு முறையில் ஓடுபவை. கிராமங்கள் குறைந்து தரவும் சொற்பமானால் கணக்கீடு தடம் புரண்டது என்று ‘டைவர்ஜென்ட்’ எச்சரிக்கை வந்து விழும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் மாடல் எந்த மூலையில் தடுமாறுகிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது. கிப்ஸ் என்ற வேறு மாதிரியெடுப்பு முறையை நம்பும் ஜாக்ஸ் இப்படி எச்சரிப்பதில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: முழு எண்ணாக மட்டுமே இருக்கக்கூடிய, கண்ணுக்குத் தெரியாத அளவுகளை ஜாக்ஸ் நேராகக் கையாளும். ஸ்டானில், அவை எடுக்கக்கூடிய மதிப்புகள் எல்லாவற்றின் நிகழ்தகவையும் கூட்டி அவற்றை நீக்கிய பிறகே எழுத முடியும்.

இதே வேலைக்கான இன்னொரு பைத்தான் கருவியான நம்பைரோ, ஜாக்ஸ் என்றே ஒலிக்கும் வேறொரு மென்பொருளின் (JAX) மேல் ஓடுவது. வரைகலைச் செயலியும் (ஜிபியு) பெருந்தரவும் இருப்பவர்கள் பார்க்கட்டும்.

விண்டோஸ் கணினி என்றால் ஆர்டூல்ஸை முதலில் நிறுவிவிடுங்கள். ஸ்டானுக்கு வேண்டிய சி++ தொகுப்பி (கம்பைலர்) அதில்தான் வருகிறது. பலர் மாடலுக்கு வரும் முன்பே அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.