பாறையேற்றக் கிரேடுகள் வாக்குகளிலிருந்து எப்படிக் கணக்கிடப்படுகின்றன? கேள்வி பதில்

ஏறியவர்கள் பதிவு செய்யும் கருத்துகளிலிருந்து ஒரு பாதையின் கிரேடு, அதாவது அது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் குறியீடு, எவ்வாறு பெறப்படுகிறது என்பது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளித்திருக்கிறேன். வேறுவிதமாகக் குறிப்பிடாத இடங்களில், 6ஏ, 6ஏ+, 6பி என்று கடினம் ஏறிக்கொண்டே போகும் பிரெஞ்சு முறையையே எடுத்துக்காட்டாகக் கொண்டுள்ளேன்.

கேள்வி: 6சி+ என்பது ஓர் எண்ணே அல்ல. அதற்குச் சராசரி காண்பது எப்படி?

கிரேடுகளுக்கு வரிசை எண் கொடுப்பதுதான் முதல் வேலை. 6ஏ என்றால் 1, 6ஏ+ என்றால் 2 என்று தொடங்கினால், 6பி+ 4 ஆகவும், 6சி 5 ஆகவும், 6சி+ 6 ஆகவும், 7ஏ 7 ஆகவும், 7பி 9 ஆகவும் வரும். வாக்குகளை இவ்வாறு எண்ணாக்கி, அவற்றின் மையத்தைக் கண்டறிந்து, அதற்கு மிக அருகில் உள்ள கிரேடாக மீண்டும் மாற்றிவிடுகிறார்கள். இதில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: எல்லாக் கிரேடுகளுக்கும் இடைவெளி சமம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். 6சி-யை விட 7ஏ கடினம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் 6ஏ-யிலிருந்து 6பி-க்குள்ள தொலைவும் 8ஏ-யிலிருந்து 8பி-க்குள்ள தொலைவும் ஒன்றுதான் என்று யாரும் அளந்து சொன்னதில்லை.

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு 6சி பாதை திடீரென்று 6சி+ ஆகிவிட்டது. யாரோ ஒருவர் 7பி என்று வாக்களித்ததுதான் காரணமாம். ஒரே வாக்கு இவ்வளவு செய்யுமா?

சராசரியைப் பயன்படுத்தினால் நிச்சயம் செய்யும். பத்து வாக்குகளை எடுத்துக்கொள்வோம்: 6பி+ ஒன்று, 6சி ஐந்து, 6சி+ மூன்று, 7பி ஒன்று. கூட்டுத்தொகை 56, சராசரி 5.6, ஆகவே முடிவு 6சி+. அந்த 7பி வாக்கை நீக்கினால் மீதமுள்ள ஒன்பதின் சராசரி 5.2 ஆகிறது, கிரேடு 6சி-க்குத் திரும்பிவிடுகிறது. இதற்கு மாறாக இடைநிலையை, அதாவது வாக்குகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பை எடுத்துக்கொண்டால், 7பி வாக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை 6சி-தான். விளையாட்டுக்காகவோ, பாதையைத் தவறவிட்டுப் பக்கத்துப் பாறையில் ஏறிவிட்டோ ஒருவர் அளிக்கும் வாக்கைத் தாங்கும் வலிமை இடைநிலைக்கு உண்டு என்பதால், வாக்குகள் குறைவாக உள்ள பாதைகளுக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். இரு முனைகளிலும் ஒரு பங்கை வெட்டிவிட்டுச் சராசரி காண்பதும் ஏற்கத்தக்கதே.

கேள்வி: இரண்டே வாக்குகள் உள்ள புதிய பாதைக்கு என்ன செய்வது?

முதலில் ஏறியவர் முன்மொழிந்த கிரேடுக்கு ஒரு நிலையான எடையைக் கொடுத்து, வரும் வாக்குகளை அதனுடன் சேர்த்துக் கணக்கிடுவது நல்ல வழி. முன்மொழியப்பட்டது 6சி என்றும், அதற்கு எட்டு வாக்குகளின் எடை என்றும் வைத்துக்கொள்வோம். இருவர் 7ஏ என்று சொன்னால், 40-உடன் 14-ஐக் கூட்டிப் பத்தால் வகுக்க 5.4 கிடைக்கிறது; கிரேடு மாறாது. அதே கருத்தை நாற்பது பேர் சொன்னால் 6.67 கிடைத்து, பாதை 7ஏ ஆகிவிடும். அந்த எட்டு என்ற எண் வேதவாக்கு அல்ல; கிரேடு எவ்வளவு எளிதில் அசைய வேண்டும் என்பதைத் வாக்குகளைத் திரட்டும் இணையதளத்தை நடத்துபவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

கேள்வி: பெரும்பாலோர் ஏற்கெனவே அச்சிட்டிருக்கும் கிரேடையே திருப்பிச் சொல்கிறார்களே, இதில் என்ன பயன்?

என் பார்வையில் இந்த முறையின் மிகப் பெரிய குறை இதுதான். எந்தச் சூத்திரமும் இதை முழுமையாகத் தீர்ப்பதில்லை. வழிகாட்டி நூலில் 6சி என்று படித்துவிட்டு ஏறுபவர், வலுவான காரணம் இல்லாவிட்டால் 6சி என்றே பதிவு செய்கிறார். ஆகவே ஐம்பது வாக்குகள் என்பது ஐம்பது தனித்தனிச் சான்றுகள் ஆகிவிடாது. இதைச் சமாளிக்கச் சில தளங்கள் கேள்வியையே மாற்றிக் கேட்கின்றன. பிரிட்டனின் யுகேகிளைம்பிங் தளத்தில் ஒவ்வொரு கிரேடுக்குள்ளும் கீழ், நடு, மேல் என்ற பிரிவுகளில் வாக்களிக்கலாம். கிரேடை மாற்றச் சொல்லத் தயங்குபவரும் ‘6சி-தான், ஆனால் மேல்’ என்று சொல்லத் தயங்குவதில்லை; அந்தச் சிறு சாய்வுதான் நமக்குப் பயன்படும் தகவல்.

இன்னொரு சார்பும் உண்டு. முடித்தவர்களே வாக்களிக்கிறார்கள், பாதி வழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் பதிவே செய்வதில்லை. எனவே கணக்கு எளிது என்ற பக்கமாகவே சாயும்.

கேள்வி: என் உயரம் குறைவு. எல்லோரும் எளிது என்று சொல்லும் ஒரு பாதை எனக்கு இரண்டு கிரேடு கூடுதலாகத் தெரிகிறது. என் வாக்கு தவறானதா?

இல்லை, அப்படியே பதிவு செய்யுங்கள். ஒரு பாதையின் வாக்குகள் 6பி-யிலும் 6சி-யிலும் இரண்டு குவியல்களாக நின்றால், நடுவில் உள்ள 6பி+ எவருக்குமே பொருந்தாத கிரேடாகிவிடும். இப்படிப்பட்ட பாதைகளுக்கு ஒற்றை எண்ணைக் காட்டாமல் வாக்குகளின் பரவலைக் காட்டுவதே நேர்மை.

கேள்வி: வாக்கே கேட்காமல், யார் எதை ஏறினார்கள், எதில் விழுந்தார்கள் என்பதைக் கொண்டே கணக்கிட முடியாதா?

முடியும்; கோட்பாட்டளவில் இதுவே மிக அழகான வழி. ஒவ்வொரு முயற்சியையும் ஏறுபவருக்கும் பாதைக்கும் இடையே நடக்கும் ஓர் ஆட்டமாகக் கொள்கிறோம். விழாமல் ஏறினால் அவருக்கு வெற்றி, விழுந்தால் பாதைக்கு வெற்றி. 1952-இல் பிராட்லியும் டெர்ரியும் வெளியிட்ட மாதிரியின்படி, ஏறுபவரின் மதிப்பும் பாதையின் மதிப்பும் சமமானால் வெற்றி வாய்ப்பு 50 சதவீதம். ஏறுபவரின் மதிப்பு ஓர் அலகு கூடினால் அது ஏறத்தாழ 73 சதவீதம். இதிலிருந்து வளர்ந்ததும், 2008-இல் ரெமி கூலோம் ‘கோ’ என்ற பலகை விளையாட்டின் ஆட்டக்காரர்களுக்காக உருவாக்கியதுமான ஒரு முறை, ஆளின் திறன் காலப்போக்கில் மாறுவதையும் கணக்கில் கொள்கிறது. அதைப் பாறையேற்றப் பதிவுகளுக்குப் பொருத்திய ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. நடைமுறைச் சிக்கல் முன்பு சொன்னதுதான்: தோல்விகள் பதிவில் இல்லாவிட்டால் பாதை ஒருபோதும் ‘ஜெயிக்காது’.

கேள்வி: வெவ்வேறு நாட்டு முறைகளில் வந்த வாக்குகளைக் கலக்கலாமா?

கூடுமானவரை வேண்டாம். மாற்று அட்டவணைகளில் ஒரு கிரேடுக்கு நேராகச் சில இடங்களில் இரண்டு கிரேடுகள் நிற்பதால், மாற்றும்போதே பிழை புகுந்துவிடுகிறது. அமெரிக்க முறைக்குத் தனி வரலாறும் உண்டு. 1950-களில் கலிபோர்னியாவின் டாக்கிட்ஸ் பாறையில் அது உருவானபோது 5.9 என்பதே உச்சம். அதைவிடக் கடினமான பாதைகளும் சில காலம் அந்த 5.9-க்குள்ளேயே அடைக்கப்பட்டன. அக்காலத்து 5.9 பாதைகளின் கிரேடை இன்றைய வாக்காளர்கள் உயர்த்தச் சொல்வதில் வியப்பில்லை.

கேள்வி: பிரிட்டனின் டிராட் கிரேடுகளுக்கும் இதே கணக்குதானா?

டிராட் என்பது ஏறுபவரே பாதுகாப்புக் கருவிகளைப் பொருத்திக்கொண்டு ஏறும் முறை. அங்கே ஒட்டுமொத்தக் கடுமைக்கு ஒரு கிரேடும், மிகக் கடினமான அசைவுக்கு இன்னொன்றும் உண்டு. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும்.

கேள்வி: உலகின் மிகக் கடினமான பாதைகளுக்கு யார் வாக்களிப்பது?

அங்கே கூட்டம் என்று சொல்ல ஆளே இல்லை. பின்லாந்தில் நாலே ஹுக்காதைவால் 2016-இல் ஏறி, போல்டரிங் (கயிறின்றிச் சிறு பாறைகளில் ஏறுவது) முறையில் 9ஏ என முன்மொழிந்த ‘பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ்’ பாறையில் இரண்டாவதாக வில் போசி ஏறியது 2023-இல்தான். அதுவரை இருந்தது ஒரே வாக்கு. ஃபிரெட் ருலிங் 1995-இல் 9பி என அறிவித்த ‘அகிரா’ பாதையை 2020-இல் செப் புவானும் லூசியான் மார்ட்டினேஸும் ஏறி, 9ஏ என்றார்கள். கால் நூற்றாண்டு நின்ற கிரேடை இரண்டு பேர் இரண்டு படி இறக்கினார்கள். இங்கே புள்ளியியலுக்கு வேலையில்லை. ஏறியவர்கள் எழுதும் விளக்கத்தைப் படிப்பதே வழி.

கேள்வி: பயிற்சிப் பலகைகளில் வரும் கிரேடுகளை நம்பலாமா?

வெளிப்பாறைகளை விடக் கூடுதலாகவே நம்பலாம். பிடிகள் பொருத்திய சாய்பலகையான கில்டர் போர்டு போன்றவற்றில் உலகெங்கும் அதே பிடிகள் அதே இடங்களில் இருப்பதால், ஒரே ப்ராப்ளத்திற்கு (பலகையில் குறிக்கப்பட்ட ஒரு சிறு பாதைக்கு)ப் பற்பல இடங்களிலிருந்து வாக்குகள் குவிகின்றன. சாய்வுக் கோணம் மாறினால் கிரேடும் தனியாகக் கணக்கிடப்படுகிறது. பிரபலமானவற்றில் மட்டும் வாக்குகள் குவியும் என்பதை மறக்க வேண்டாம். நான்கைந்து பேரே ஏறிய ப்ராப்ளத்தின் கிரேடை, மேலே சொன்ன புதிய பாதையின் கிரேடைப் போலவே ஐயத்துடன் பாருங்கள்.