வெட்டப்பட்ட 22 நிமிடங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘நௌசிகா’ படத்தை அண்மையில் பார்த்தேன். 1985இல் அமெரிக்காவில் அதைச் சுருக்கி வெளியிட்டதற்காக ரசிகர்கள் இன்னமும் கொதிக்கிறார்கள். இரண்டு மணி நேரப் படத்தில் இருபது நிமிடம் குறைந்தால் என்ன கெட்டுவிடும்? சுருக்கியிராவிட்டால் அங்கே அது வெளியாகியே இருக்காது அல்லவா?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியில் நியாயம் உண்டு. 1984 மார்ச்சில் படம் ஜப்பானில் வெளியானபோது மியாசாகியை அமெரிக்காவில் அறிந்தவர்கள் மிகச் சிலரே; கார்ட்டூன் என்றால் சிறுவர் சமாச்சாரம் என்ற எண்ணமும் அங்கே வேரூன்றியிருந்தது. நியூ வேர்ல்ட் பிக்சர்ஸ் நிறுவனம் படத்துக்கு ‘வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்’ என்று பெயரிட்டதையும், நாயகியை இளவரசி சாண்ட்ரா ஆக்கியதையும், கதையிலேயே இல்லாத ஆண் வீரர்களைச் சுவரொட்டியில் முன்னிறுத்தியதையும் வியாபாரம் என்று விட்டுவிடலாம். (நம் சுவரொட்டிகளும் இந்த விஷயத்தில் யோக்கியமானவை அல்ல.)

ஆனால் 117 நிமிடங்களில் ஏறத்தாழ 22 நிமிடங்கள் போனபோது கதையின் அச்சே முறிந்துவிட்டது. பெரும்போர் ஒன்று உலகை அழித்து ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் நச்சுக்காடு பரவிவருகிறது. ஓமு எனும் ராட்சதப் பூச்சிகள் அதைக் காக்கின்றன. மனிதர்களோ காட்டை எரிக்கத் துடிக்கிறார்கள். நௌசிகா மட்டும் அந்தக் காட்டின் செடிகளை ஒரு ரகசிய அறையில் வளர்க்கிறாள். ஆழ்கிணற்றின் தூய நீரிலும் அங்கிருந்து எடுத்த மண்ணிலும் அவை நஞ்சைக் கக்காமல் பூக்கின்றன. நஞ்சு மண்ணில்தான் இருக்கிறது என்று அவள் தன் ஆசான் யூபாவிடம் சொல்வதும், காட்டின் அடியில் அம்மரங்கள் நஞ்சை உறிஞ்சித் தூய மணலாக உதிர்வதைப் பிறகு அவள் கண்ணால் காண்பதும்தான் படத்தின் உயிர். மனிதன் பகை என்று எரிக்க நினைப்பது அவன் கெடுத்த மண்ணுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறது. சுருக்கிய வடிவத்தில் இந்தச் சரடு நைந்து, ஓமுக்கள் வெறும் மூர்க்க மிருகங்களாகிவிட்டன. மியாசாகி எந்த மனப்பான்மைக்கு எதிராகப் படமெடுத்தாரோ, அதற்கே அவர் வரைந்த சித்திரங்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள். நான் இதைச் சுருக்கம் என்று சொல்லமாட்டேன்.

இந்தக் கசப்பில்தான் மியாசாகியின் ஜிப்லி நிறுவனம் தன் படங்களை வெட்ட அனுமதிப்பதில்லை என்று முடிவுசெய்தது. மியாசாகியின் ‘இளவரசி மோனோனோகே’யைக் குறைக்கச் சொல்லி, அமெரிக்க விநியோக நிறுவனமான மிராமாக்ஸின் ஹார்வி வைன்ஸ்டீன் வற்புறுத்தியபோது, தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி ஒரு வாளைப் பரிசளித்து “வெட்டு கூடாது” என்றார். 1999இல் அப்படம் 134 நிமிடங்களும் முழுதாக அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது, வசூலில் தோற்றது. வைன்ஸ்டீனின் வணிகக் கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம். அப்போதும் நான் சுசுகியின் பக்கம்தான்.

‘நௌசிகா’வின் முழு வடிவத்தை டிஸ்னி நிறுவனம் ஆங்கிலக் குரலில் 2005இல் வெளியிட்டது. வெட்டாமல் காத்திருந்தால் இருபது ஆண்டுகள் வீணாகியிருக்கும் என்பது உங்கள் வாதம் என்றால், வெட்டிய பிறகும் அந்தப் படம் அங்கே போய்ச் சேர அதே இருபது ஆண்டுகள் ஆயின.

அன்புடன்,
ஆசிரியர்