மெஷின் கன்னும் தோட்டத்துச் சாளையும்

கேள்வி: அமெரிக்காவில் சாதாரண ஆள்கூட மெஷின் கன் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்கிறானாம். இங்கே தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) தனியாகக் கிடக்கிற நாங்கள் ஒரு ரிவால்வருக்கு மனுப் போட்டால் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று பரண்மேல் கிடக்கிறது. அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. அதையாவது துடைத்து வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். பாதுகாப்பு என்பது பணக்கார நாட்டுக்காரனுக்கு மட்டும்தானா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், காங்கேயம்

பதில்: பெயர் வேண்டாம் என்று எழுதினீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். காரணம் அந்தப் பரணில் இருக்கிறது. அங்கே வருகிறேன்.

அமெரிக்கக் கதையை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் செல்போனில் பார்த்தது அனேகமாக மெஷின் கன்னே அல்ல. விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு குண்டு, அடுத்த குண்டுக்கு மறுபடியும் இழுக்க வேண்டும். அங்கே கடையில் விற்கிற ஏ.ஆர்.-15 அந்த ரகம். பார்வைக்கு ராணுவத் துப்பாக்கி மாதிரியே இருப்பதால் ஆள் ஏமாந்துபோகிறோம். விசையை அழுத்திப் பிடித்தால் விடுகிறவரை கொட்டிக்கொண்டே இருக்குமே, அதற்குத்தான் மெஷின் கன் என்று பேர். அதற்கு அமெரிக்காவில் 1934லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மதுவிலக்கு காலத்துச் சாராயக் கும்பல்கள் தாம்சன் என்ற மெஷின் கன்னோடு தெருவில் இறங்கியதன் விளைவு அது. 1929ல் சிகாகோவில் காதலர் தினத்தன்று ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். நாடே அலறியது.

அந்தச் சட்டம் நேரடியாகத் தடை போடவில்லை. அரசிடம் பதிவு செய், கைமாறும்போதெல்லாம் 200 டாலர் வரி கட்டு என்றது. தாம்சன் துப்பாக்கியின் விலையே அன்றைக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த 200 டாலர் இன்றுவரை ஏறவில்லை. சைலன்சர், குட்டைக்குழல் ரைஃபிள் போன்றவற்றுக்கு 2026 ஜனவரியிலிருந்து அதையும் பூஜ்யமாக்கிவிட்டார்கள். மெஷின் கன்னுக்கும் வெடிகுண்டு வகையறாக்களுக்கும் மட்டும் பழைய வரி தொடர்கிறது.

ஆனால் உண்மையான பூட்டு அந்த வரி அல்ல, 1986ல் வந்த இன்னொரு சட்டம். 1986 மே 19க்கு முன்னால் சட்டப்படி பதிவாகியிருந்த மெஷின் கன்களை மட்டும்தான் தனி ஆட்கள் வாங்கலாம், விற்கலாம். அதற்குப் பின் செய்தது ராணுவத்துக்கும் போலீசுக்கும், அவர்களுக்கு விற்கிற உரிமக்காரர்களுக்கும் மட்டுமே. இனிமேல் காங்கேயம் கன்றே பிறக்காது என்று சட்டம் வந்தால், கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் மிச்சமிருக்கிற காளைக்கு என்ன விலை சொல்வார்கள்? அங்கே அதுதான் நடந்தது. பதிவான எம்-16 ரக மெஷின் கன் ஒன்று 30,000 டாலரைத் தாண்டிப் போகிறது. நம் காசுக்குக் கால் கோடி. அதோடு கைரேகை, போட்டோ, பின்னணி விசாரணை, உள்ளூர் போலீஸ் தலைவருக்கு விண்ணப்ப நகல். இத்தனையும் முடிந்தாலும் கலிபோர்னியா போன்ற மாநிலத்தில் குடியிருந்தால் ஒன்றும் நடக்காது. பதிவில்லாமல் வைத்திருந்தால் பத்து வருஷம்வரை உள்ளே. 'சாதாரண ஆள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவனால் முடியாது. கால் கோடியை முடக்கத் தெம்பிருக்கிற சேகரிப்பாளரின் பொழுதுபோக்கு அது.

அந்த எல்லைக்கோட்டில் அவர்களுக்கும் தகராறு உண்டு. 2017ல் லாஸ் வேகாஸில் ஒருவன் சாதாரணத் துப்பாக்கியில் பம்ப் ஸ்டாக் என்ற அடிக்கட்டையை மாட்டி மெஷின் கன் வேகத்தில் கூட்டத்தைச் சுட்டான். அரசு அந்தக் கட்டையையும் மெஷின் கன் கணக்கில் சேர்த்துத் தடை செய்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அந்தத் தடையை ரத்து செய்தது. ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனித்தனியாக வேலை செய்கிறதே என்பது நீதிபதிகள் சொன்ன காரணம். எனக்கு அது வியாக்கியானமாகத்தான் படுகிறது. செத்தவனுக்கு விசை எத்தனை தடவை நகர்ந்தது என்பதா முக்கியம்?

சரி, நம் ஊர். 1959 ஆயுதச் சட்டமும் எல்லைக்கோட்டை அதே இடத்தில்தான் கிழிக்கிறது. விசையை விடுகிறவரை அல்லது மேகஸின் (குண்டு அடைத்த கூடு) காலியாகிறவரை சுட்டுக்கொண்டே இருக்கிற துப்பாக்கி 'தடை செய்யப்பட்ட ஆயுதம்'. மத்திய அரசு தனியாக அதிகாரம் தந்தாலொழிய யாரும் தொடக்கூடாது. வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஏழு வருஷத்திலிருந்து பதினாலு வருஷம்வரை சிறை. அந்த ரகத்து ஏ.கே.-56 வைத்திருந்த வழக்கில் சஞ்சய் தத் எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தும் 2013ல் உச்ச நீதிமன்றம் ஆறு வருஷத் தண்டனையை ஐந்தாகக் குறைத்ததே தவிர விடுதலை செய்யவில்லை. பழைய சட்டத்தில் அதுதான் குறைந்தபட்சம். இன்றைக்கு அது ஏழு.

அதற்கு ஒரு படி கீழே 9 எம்.எம். பிஸ்டல், .303 ரைஃபிள் போன்றவை. போலீஸ், ராணுவக் குண்டு அதில் ஓடும் என்பதால் டெல்லியில் உள்துறை அமைச்சகம்தான் லைசன்ஸ் தர வேண்டும். நமக்கு அது வேண்டாத வேலை. உங்களைப் போன்றவர் கேட்கக்கூடியது .32 ரிவால்வர், 12 போர் (குழல் அளவு) துப்பாக்கி, இந்த மாதிரி. அதற்குக் கலெக்டர் போதும். 21 வயது முடிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. 2019க்கு முன் மூன்று வரை இருந்தது. லைசன்ஸ் ஐந்து வருஷத்துக்குச் செல்லும்.

ஆயிரம் கேள்வி என்கிறீர்கள். போலீஸ் அறிக்கை, டாக்டர் சான்று, துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி எடுத்த சான்று, எங்கே பூட்டி வைப்பீர்கள் என்பதற்கு உறுதிமொழி. இவ்வளவுதான் கேட்கிறார்கள். கேட்கட்டுமே! கேட்காமல் கொடுத்தால் உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் கொடுப்பார்கள். வரப்புத் தகராறு யாரோடு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம், மக்காச்சோளத்தில் இறங்குகிற காட்டுப்பன்றியைச் சுட என்று மனுவில் காரணம் எழுதாதீர்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது என்ன? காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு வெளியே வரும் பன்றியை வனத்துறை ஆட்கள் சுடலாம் என்பதுதான். நீங்களும் நானும் சுட அதில் இடமில்லை.

உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூன்று பேரைக் கொன்றார்கள். அடுத்த வருஷம் சிவகிரி பக்கம் வயதான தம்பதியை. அதற்குப் பிறகு கொங்கு நாட்டில் எந்தச் சாளையில் நிம்மதியாகத் தூங்கினார்கள்? சட்டமும் உங்களைக் கைவிடவில்லை. பொழுது சாய்ந்து விடிவதற்குள் வீட்டை உடைத்துப் புகுகிறவனிடமிருந்து உடைமையைக் காக்கும்போது அவன் உயிர் போனாலும் அது குற்றமாகாத சந்தர்ப்பங்களை இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா ஒப்புக்கொள்கிறது. தேவைக்கு மேல் தாக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.

ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். விதிப்படி துப்பாக்கி பீரோவில் பூட்டியிருக்கிறது. சாவி தலையணைக்கு அடியில். நாய் குரைத்து அடங்கிவிட்டது, அல்லது அடக்கிவிட்டார்கள். மின்சாரமும் போய்விட்டது. தூக்கக் கலக்கத்தில் மூக்குக்கண்ணாடியைத் தேடி, சாவியைத் தேடி, பீரோவைத் திறந்து, குழலை மடக்கி, இரண்டு தோட்டாவைத் திணித்து, எந்தக் கதவு என்று இருட்டில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வந்தவன் நாலு நாளாகக் கிளுவை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் நடமாட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவன். உங்களிடம் துப்பாக்கி இருப்பது ஊருக்கே தெரியும், அவனுக்கும் தெரியும். நகையோடு அதையும் எடுத்துக்கொண்டு போவான். இப்படிப்பட்ட இடத்தில் களத்தைச் சுற்றி விளக்கு, இன்வெர்ட்டரில் ஓடுகிற கேமரா, கூப்பிட்டால் ஐந்து நிமிஷத்தில் வந்து சேருகிற பக்கத்துத் தோட்டத்து ஆட்கள், இவற்றுக்குச் செலவழிப்பதுதான் என் கணக்கில் புத்தி. இல்லை, துப்பாக்கியே வேண்டும் என்றால் மனுப் போடுங்கள், அது உங்கள் உரிமை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீடும் உண்டு.

இப்போது பரண். லைசன்ஸ் உங்கள் அப்பாரு பெயரில் இருந்தது. அவரோடு அதுவும் போய்விட்டது. ஆறு வருஷமாக அந்த வீட்டில் இருப்பது லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி, வைத்திருப்பவர் நீங்கள். இரண்டு வருஷத்திலிருந்து ஐந்து வருஷம்வரை சிறைக்கு இடமுண்டு. துடைத்து எண்ணெய் போட்டு, நோம்பிக்கு ஒரு வெடி வெடித்துப் பார்க்கலாம் என்ற எண்ணமிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். லைசன்ஸ் இருக்கிறவரே கொண்டாட்டத்தில் ஆட்களுக்கு ஆபத்து வரும்படி சுட்டால் இரண்டு வருஷம்வரை சிறை, அல்லது லட்ச ரூபாய்வரை அபராதம், இல்லை இரண்டும்.

சட்டப்படி செய்ய வேண்டியது, துப்பாக்கியைத் தாமதமில்லாமல் போலீஸ் நிலையத்திலோ லைசன்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைப்பது. ஆறு வருஷத் தாமதம் இருப்பதால் ஒரு வக்கீலைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒப்படைத்தால் பறிபோய்விடும் என்று பயப்பட வேண்டாம். குறித்த காலத்துக்குள் வாரிசு தன் பெயரில் லைசன்ஸ் வாங்கித் திரும்ப எடுக்கலாம், அல்லது விற்றுவிடலாம். வாரிசுக்கு லைசன்ஸ் தர 2016 விதிகளில் தனி இடமே இருக்கிறது. அப்பாரு இருந்தபோதே எழுபது வயதில் வாரிசு ஒருவர் பெயரை நியமித்து மாற்றிக் கொடுத்திருக்கலாம், அதற்கும் விதி உண்டு. யாரும் சொல்லவில்லை போல.

அவருடைய பழைய லைசன்ஸ் புத்தகம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தருகிற கடிதம், நாலையும் முதலில் தயார் செய்யுங்கள். புத்தகம் கிடைக்கவில்லை என்றால் கலெக்டர் ஆபீஸில் பதிவேடு இருக்கும். ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் எண்ணை எழுதிய ரசீது கையில் வாங்காமல் நிலையத்தைவிட்டு நகராதீர்கள். தோட்டா ஏதாவது டப்பாவில் மிச்சமிருந்தால் அதையும் எண்ணி ரசீதில் ஏற்றச் சொல்லுங்கள்.