'மரண வரி' என்ற பெயரைக் கையில் எடுங்கள்

ஊடகத்தின் சொற்கள் சட்டத்தையும் மாற்றும் என்று விவாத மேடையில் நீங்கள் வாதிடும்போது, 'ஊடகம் நடந்ததைச் சொல்கிறது, அவ்வளவுதான். சட்டத்தை அது எப்படி மாற்றும்?' என்று எதிரணி கேட்டால் வாயடைத்துப் போவதாக எழுதியிருந்தீர்கள். பொதுப்படையாக மறுக்காதீர்கள். முதலில், அரசு விதிக்கும் ஒரு வரியை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இறந்தவரின் பெருஞ்சொத்துக்கு 'எஸ்டேட் வரி' உண்டு. மிகச் சில செல்வந்தக் குடும்பங்களே அதைக் கட்டுகின்றன. எதிர்ப்பாளர்கள் அதற்கு 'மரண வரி' என்று பெயரிட்டார்கள். செய்திகளிலும் அது புழங்கியது. சாவுக்கே வரியா என்றால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது! 2001ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் படிப்படியாகக் குறைத்து, 2010இல் ஓராண்டுக்கு நீக்கியே விட்டது. பெயர் ஒன்றே காரணம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அங்கேதான் மடக்குவார்கள்.

அடுத்து, கேட்கும் சொல் நினைவையே மாற்றும் என்பதற்கு, 1974இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் செய்த சோதனை. கார் விபத்துப் படத்தைக் காட்டி, சிலரிடம் 'மோதியபோது' என்ன வேகம் என்றும், சிலரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, 'நொறுங்கிய' என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் ஆம் என்றார்கள். வெறும் 'மோதிய' கேட்ட 50 பேரில் 7 பேர்தான். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. அந்த 16 பேரும் நீதிமன்றத்தில் சாட்சிகளாக நின்றால் என்ன ஆகும் என்று எதிரணியிடம் கேளுங்கள்.