45,000 பிரதிகள் வந்தால் ஒருங்கிணைவுச் சோதனை தேவையா?

டிஎன்ஏ தடுப்பூசி போட்டு 60-ஆம் நாளிலும் எலித் தசையில் மைக்ரோகிராம் டிஎன்ஏவுக்கு 45,000 பிளாஸ்மிட் (தடுப்பூசியில் உள்ள வட்ட டிஎன்ஏ) பிரதிகள் என்கிறீர்கள். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவின் 2007 வழிகாட்டுதலில் வரம்பு 30,000. அதைத் தாண்டினால், பிளாஸ்மிட் எலியின் மரபணுத்தொகுதிக்குள் சேர்ந்துவிட்டதா என்று பார்க்கும் ஒருங்கிணைவுச் சோதனை வேண்டும்.

ஆனால் முதலில் மாசைச் சந்தேகியுங்கள். ஊசி போடாத எலியின் தசையையும் அதே தொகுப்பில் பிரித்தெடுத்து கியூபிசிஆர் (டிஎன்ஏ பிரதிகளை அளவிடும் சோதனை) ஓட்டுங்கள். அதிலும் எண் ஏறினால் உங்கள் 45,000-ஐ நம்ப முடியாது.

சுத்தமாக இருந்தால், எலியின் மரபணுத்தொகுதி டிஎன்ஏவை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, அதில் பிளாஸ்மிட் இருக்கிறதா என்று மறுபடி அளவிடுங்கள். இங்கேதான் பலர் சறுக்குவார்கள்: சங்கிலியாகக் கோத்த பிளாஸ்மிட்கள் பெரிய டிஎன்ஏவோடு சேர்ந்தே ஓடி, ஒருங்கிணைந்தது போலக் காட்டும். பிளாஸ்மிட்டை ஒரே இடத்தில் மட்டும் வெட்டும், மரபணுத்தொகுதியில் அரிதாக வெட்டும் நொதியைப் போட்டு, சங்கிலியைத் தனித்தனிப் பிளாஸ்மிட்களாகப் பிரித்துவிட்டு ஜெல்லை ஓட்டுங்கள்.

பிளாஸ்மிட்டில் உள்ள ஆம்பிசிலின் எதிர்ப்பு மரபணுவையும் இப்போதே மாற்றுங்கள். அது இருந்தால் தயாரிப்பில் பென்சிலின் வகை மருந்தான ஆம்பிசிலினைப் பயன்படுத்த நேரும்; பென்சிலின் ஒவ்வாமை காரணமாக அதை ஏற்கத் தயங்குவார்கள், கானமைசின் எதிர்ப்பு மரபணு பரவாயில்லை.