ஜீப்பை விற்று சின்ன ஸ்போர்ட் கார் எடுப்பவர்களுக்கு: கேள்வி பதில்

கொழும்புக்குள் தினம் வேலைக்குப் போய்வர ஜீப்பைக் கொடுத்துவிட்டு, சின்னதாகவும் ஓட்ட உற்சாகமாகவும் ஒரு ஹட்ச்பக் எடுக்க நினைப்பவர்களின் கேள்விகள் இவை. சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டைப் பற்றி எவ்வளவும் கேட்கலாம். ஃபிட், விட்ஸ், போலோ பற்றியும் ஓரளவு சொல்லலாம். லீசிங் வட்டியும் "இன்றைக்கு என்ன விலை போகும்" என்பதும் இங்கே வேண்டாம்.

வெள்ளவத்தை: பிராடோ 150 வைத்திருக்கிறேன். வேலை கோட்டையில். 2017க்குப் பிறகு வந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட் எடுத்தால் உண்மையில் வித்தியாசம் தெரியுமா? ட்ரஃபிக்கில் எல்லாக் காரும் ஒன்றுதானே?

நீங்கள் சொல்வது இசட்சி33எஸ், அந்தத் தலைமுறையின் மாடல் குறியீடு அது. இனி 33எஸ் என்றே எழுதுகிறேன். வித்தியாசம் வேகத்தில் தெரியாது, கொழும்பு-காலி வீதியில் யாருக்கும் வேகம் கிடைப்பதில்லை. அளவில் தெரியும். பிராடோவை விட நீளம் கிட்டத்தட்ட 90 சென்ரிமீற்றர் குறைவு, அகலம் 15 சென்ரிமீற்றர் குறைவு. திரும்பும் ஆரை 5.8 மீற்றரிலிருந்து 5.1க்கு இறங்கும். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மூன்று தரம் முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்துத் திருப்புகிற இடத்தில் ஒரே தரத்தில் திரும்பிவிடும். எடை ஒரு தொன்னுக்கும் குறைவு, மனுவல் 970 கிலோ. பிராடோ இரண்டு தொன்னுக்கு மேல். 1.4 டர்போ இயந்திரம் 230 நியூட்டன் மீற்றர் இழுவையை 2,500 சுற்றிலேயே தந்துவிடும். பஸ் ஒன்று ஓரம் கட்டி இடைவெளி விட்டதும் பெடலைத் தொட்டால் போதும்.

இழப்பதையும் கேளுங்கள். தரைக்கும் காருக்கும் இடைவெளி வெறும் 120 மில்லிமீற்றர். ரயர் 195/45 ஆர்17, அதன் பக்கச்சுவர் 88 மில்லிமீற்றர்தான். பிராடோவில் கண்ணுக்கே படாத குழி இதில் றிம்மை வளைத்துவிடும். ஸ்பெயார் ரயரும் கிடையாது, ஜப்பான் காரோடு வருவது பஞ்சர் ஒட்டும் திரவமும் காற்றுப் பம்ப்பும்தான். பக்கச்சுவர் கிழிந்தால் அந்தத் திரவம் உதவாது, காரைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

தெமட்டகொடை: நானா, 92 பெற்றோல் அடிச்சா என்ன?

அடிக்க வேண்டாம். 33எஸ் நேரடி ஊசி டர்போ இயந்திரம். ஜப்பானில் அதன் பெற்றோல் டாங்க் மூடியில் ஒட்டியிருப்பது ஹை ஒக்டேன், அங்கே அதற்கு 100. இங்கே 95க்குக் குறையாமல் அடியுங்கள். 92 அடித்தால் நொக் சென்சர் தீப்பொறியைப் பிந்தவைக்கும், கார் சோம்பலாகும், பெற்றோலும் கூடக் குடிக்கும். குறைந்த சுற்றில், கூடிய கியரில், முழுக்க மிதிக்கும்போதுதான் ஆபத்து. கலவை நேரத்துக்கு முன்பே பற்றி பிஸ்டனை உடைக்கலாம். லீற்றருக்கு மிச்சம் பிடிக்கிற காசு அந்தச் செலவுக்குக் கிட்டவும் வராது.

வத்தளை: 33எஸ் ஒன்று பார்த்திருக்கிறேன். மீற்றரில் 28,000. நம்பலாமா?

மீற்றரை நம்பாதீர்கள், ஜப்பானில் ஏலம் விட்டபோது காரைப் பரிசோதித்து எழுதிய ஏலச் சீற்றை நம்புங்கள். அதையும் விற்பவர் காட்டுகிற ஃபொட்டோவை வைத்து அல்ல. சேசி இலக்கத்தைக் கொடுத்து நீங்களே தனியாக எடுப்பிக்க வேண்டும். சீற்றில் மூன்று விடயம் பாருங்கள். ஒன்று, ஏலத் திகதியும் அன்றைய கிலோமீற்றரும். இரண்டு, தரம்: 4, 4.5 என்றால் பேசலாம், ஆர் அல்லது ஆர்ஏ என்றிருந்தால் அடிபட்டுத் திருத்தியது. மூன்று, காரின் படத்தில் எழுதியிருக்கும் எழுத்துகள். ஏ கீறல், யூ நெளிவு, டபிள்யூ டிங்கரிங் செய்த அடையாளம், இரட்டை எக்ஸ் என்றால் அந்தப் பகுதியையே மாற்றியிருக்கிறார்கள். எஸ், சி என்று அடிப்பகுதியில் இருந்தால் துரு. பனிக்கு உப்புப் போடும் ஊரில் ஓடிய காராக இருக்கலாம், லிஃப்டில் ஏற்றாமல் காசு கொடுக்காதீர்கள்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். மனுவல் என்றால் நான்காம் கியரில் 2,000 சுற்றில் வைத்து முழுக்க மிதியுங்கள். சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஈசியூவை, அதாவது இயந்திரத்தின் கணினியை, ட்யூன் செய்து இழுவையைக் கூட்டிய கார்களில் இது அடிக்கடி வரும், விற்கும்போது பழையபடி மாற்றிவிட்டு "ஸ்டொக்" என்பார்கள். குளிர்ந்த இயந்திரத்தை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். போகும்போது ஏற்கெனவே சூடாக இருந்தால், காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.

கொட்டாஞ்சேனை: அண்ணே, மனுவலா ஓட்டோவா? ஸ்போர்ட் என்று எடுத்துவிட்டு ஓட்டோ எடுத்தால் சிரிப்பார்களே.

சிரிக்கிறவர்களா பேஸ்லைன் வீதியில் உங்கள் காலுக்குப் பதில் கிளட்ச் மிதிக்கப் போகிறார்கள்? 33எஸ்ஸின் ஓட்டோ ஆறு கியர் உள்ள டோர்க் கன்வேர்ட்டர், ஓயில் வழியாக இழுவையைக் கடத்தும் வகை. கியர் படிகளே இல்லாத சீவிடியும் இல்லை, இரட்டைக் கிளட்ச்சும் இல்லை. ஊர்ந்து ஊர்ந்து போவதற்கு மூன்றிலும் சூட்டைத் தாங்குவது இதுதான். முந்திய 32எஸ்ஸில் ஓட்டோ என்றால் சீவிடி, அதற்கு முந்திய 31எஸ்ஸில் நான்கு கியர். தினம் இரண்டு மணித்தியாலம் வீதியில் நிற்கிறவர் 33எஸ் ஓட்டோ எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கல்கிசை: மன்னிக்கவும், இதை ஒத்துக்கொள்ள முடியாது. 970 கிலோ காரில் ஓட்டோ போட்டால் மிஞ்சுவது ஸ்டிக்கர் மட்டும்தான். மனுவலை ஓட்டத் தெரிந்தவனுக்குக் கொழும்பு ட்ரஃபிக் ஒரு பொருட்டே இல்லை.

ஓட்டத் தெரிந்தவன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணக்குப் பார்ப்போம். 33எஸ் மனுவலில் முதல் கியரில் கிளட்ச்சை முழுக்க விட்டு, பெடலைத் தொடாமல் விட்டால் மணிக்கு ஏறக்குறைய 6 கிலோமீற்றரில் தானாக ஊரும். முன்னால் இரண்டு கார் நீளம் இடம் விட்டு இப்படி ஊரவிட்டால் கிளட்ச் தேயாது. ஆனால் காலி வீதியில் இரண்டு கார் நீளம் விட்டால் என்ன நடக்கும்? மூன்று முச்சக்கர வண்டி உள்ளே வந்துவிடும். பிறகு பாதிக் கிளட்ச், திரும்பப் பாதிக் கிளட்ச். தேய்வது அங்கேதான்.

கல்கிசை (மீண்டும்): முச்சக்கர வண்டி வந்தால் வரட்டும், திரும்ப இடம் விட்டால் போச்சு. கிளட்ச் தேய்ந்தால் மாற்றலாம். ஓட்டோ கியர்பொக்ஸ் போனால் யார் திருத்துவது?

நல்ல கேள்வி, இதில் பாதி உங்கள் பக்கம். கிளட்ச் மாற்றுவது நல்ல மெக்கானிக் பாஸ் ஒருவருக்கு ஒரு நாள் வேலை. ஆனால் தட்டு, பிரஷர் பிளேட், பெயாரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றவேண்டும், பெயாரிங்கை விட்டால் அதே வேலையைத் திரும்பச் செய்யவேண்டி வரும். பிளைவீலில் நீலப் பொட்டுகள் இருந்தால் அதையும் பார்க்கவேண்டும். இவை சாதாரண ஸ்விஃப்ட்டின் சாமான் அல்ல. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் "ஸ்விஃப்ட் கிளட்ச் செற்" என்று கேட்டால் கையில் வேறொன்று தருவார்கள், சேசி இலக்கத்தோடு கேளுங்கள். ஓட்டோ கியர்பொக்ஸுக்கு 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, கைநூலில் போட்டிருக்கும் சரியான ஓயில். "எல்லா ஓட்டோவுக்கும் போடலாம்" என்கிற டின்னைத் தொடாதீர்கள். இப்படிப் பார்த்தால் சாதாரணமாகப் போகாது.

நுகேகொடை: கல்கிசை நண்பர் சொல்வதுதான் சரி. என் தெரிவும் மனுவல்.

எடுங்கள். முழங்கால் உங்களுடையது. ஹைலெவல் வீதியில் ஒரு கிழமை யாருடையதாவது மனுவல் காரை மாலை ஐந்தரைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

தெஹிவளை: ஸ்போர்ட்டின் 17 அங்குல றிம்மைக் கழற்றி 16 போடலாமா? சாதாரண ஸ்விஃப்ட் ஆர்எஸ் றிம் மலிவாகக் கிடைக்கிறது.

16 போடுவது கெட்டித்தனம். ஆனால் ஆர்எஸ் றிம் ஏறாது. அதில் நான்கு நட், அவை அமையும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர். ஸ்போர்ட்டில் ஐந்து நட், 114.3. அடப்டர் போட்டு ஏற்றலாம் என்பவரிடமிருந்து காரை எடுத்துக்கொண்டு ஓடுங்கள். ஐந்து நட் 16 அங்குல றிம் தேடுங்கள். முன் பிரேக் கலிப்பரில் தட்டுகிறதா என்று ஒரு றிம்மை மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே நாலையும் வாங்குங்கள்.

ரயர் அளவு: தொழிற்சாலையில் வரும் 195/45 ஆர்17இன் விட்டம் 607 மில்லிமீற்றர். 195/50 ஆர்16 போட்டால் 601, ஸ்பீடோமீற்றரில் ஒரு வீதம்தான் வித்தியாசம். 205/50 ஆர்16 என்றால் 611. இரண்டாவதில் பக்கச்சுவர் 102 மில்லிமீற்றருக்கு மேல். கொழும்புக் குழிகளுக்கு அந்த ஒன்றரைச் சென்ரிமீற்றர் பெரிய விடயம். 195/55 போட்டால் வசதி என்று சிலர் சொல்வார்கள், விட்டம் 621 ஆகிவிடும், திருப்பத்தில் உள்ளே உரசுகிறதா என்று பார்க்கவேண்டும். ரயரின் பக்கச்சுவரில் உற்பத்திக் கிழமையும் ஆண்டும் நான்கு இலக்கமாக இருக்கும்: 1524 என்றால் 2024இன் 15ஆம் கிழமை. பழையதைப் "புதிது" என்று தலையில் கட்டுவது இங்கே சர்வசாதாரணம்.

மட்டக்குளி: ஃபிட் ஹைபிரிட் எஸ் பக்கேஜ் ஸ்போர்ட் மாதிரித்தானே? பெற்றோலும் மிச்சம்.

பார்க்க மாதிரி. ஜிபி5இல், அதாவது நீங்கள் சொல்லும் ஃபிட் ஹைபிரிட்டில், ஏழு கியர் இரட்டைக் கிளட்ச், ஊரும்போது சூடாகும் வகை. ஓடிப்பார்க்கும்போது ட்ரஃபிக்கில் அரை மணித்தியாலம் வைத்துப் பாருங்கள், வெறும் வீதியில் எல்லாம் அழகாக ஓடும். ஹொண்டாவில் உற்சாகம் வேண்டுமென்றால் ஹைபிரிட்டை விட்டு ஃபிட் ஆர்எஸ் ஜிகே5 பாருங்கள். 1.5 பெற்றோல், 132 குதிரைவலு, ஆறு கியர் மனுவல் அல்லது சீவிடி. சீவிடிக்கு எச்சீஎஃப்-2 ஓயில், வேறொன்றும் வேண்டாம்.

கொள்ளுப்பிட்டி: போலோ ஜிடிஐ?

1.4 இரட்டை ஊதியோடு (சூப்பர்சார்ஜரும் டர்போவும்) வந்த பழைய 6ஆர் மாடல் என்றால் விலகுங்கள்: ஓயில் குடிக்கும், உலர் கிளட்ச் ஏழு கியர் பெட்டியும் ஊருக்குள் தாங்காது. 2018க்குப் பிந்திய 2.0 ஈரக் கிளட்ச் ஆறு கியர் நல்லது, ஆனால் அதற்கு ஸ்கான் கருவி வைத்திருக்கும் கராஜ் முதலில், கார் பிறகு.

ராஜகிரிய: மழைக்குத் தண்ணீர் தேங்கும் வீதியில் ஸ்போர்ட் போகுமா? பிராடோ போகும்.

பிராடோவுக்கு 700 மில்லிமீற்றர் தண்ணீர் அனுமதி. ஸ்போர்ட்டுக்கு அதில் பாதியும் இல்லை. சக்கரத்தின் நடு நட்டுக்கு மேல் தண்ணீர் இருந்தால் நிறுத்துங்கள். அதற்குக் கீழே என்றாலும் முதல் கியரில் மெதுவாக, முன்னால் போகும் பஸ்ஸின் அலைக்குப் பின்னால் அல்ல. தண்ணீருக்குள் இயந்திரம் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். காற்று உறிஞ்சும் வழியால் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் ஒரே திருப்பில் கனெக்டிங் றொட் வளைந்துவிடும். தள்ளி வெளியே எடுத்து, பிளக் கழற்றிய பிறகே சுற்றவேண்டும். இந்தப் பதிலை வேலைக்குப் போகிற எல்லோருக்கும் அனுப்புங்கள்.

பம்பலப்பிட்டி: 95 கிடைக்காத நாளில் 92 அடிக்கலாமா?

தெமட்டகொடைக்குச் சொன்னதுதான். அவசரத்துக்கு அரை டாங்க் அடித்துவிட்டால் மெதுவாக ஓட்டுங்கள், அடுத்த முறை 95 அடியுங்கள்.

பொரளை: கார் வாங்குபவர் "திறந்த பத்திரத்தில் தாருங்கள்" என்கிறார், அதாவது பெயர் மாற்றாமல். பிராடோவைக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பெயர் உங்களுடையதாக இருக்கும்வரை அபராதமும் விபத்தும் உங்கள் வீட்டுக்கதவைத்தான் தட்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றம் நடந்த பிறகே மறு சாவியைக் கொடுங்கள். கார் சேல்காரரிடம் மாற்றுவதென்றால் பிராடோவுக்கு என்ன, ஸ்போர்ட்டுக்கு என்ன என்று இரண்டு விலையையும் தனித்தனியே எழுத்தில் வாங்குங்கள். "இவ்வளவு கட்டினால் போதும்" என்று வித்தியாசத்தை மட்டும் சொல்வதில்தான் இலாபம் ஒளிந்திருக்கும்.

கிருலப்பனை: புதிய ஸ்போர்ட் இறக்கலாமா? ஓட்டோதான் வேண்டும். அது நல்லதா?

ஓட்டோ பற்றி மேலே முழுக்க எழுதியாயிற்று, கல்கிசைக்காரரோடு சண்டையும் பிடித்தாயிற்று. வழமையான 33எஸ் தயாரிப்பு 2025 பெப்ரவரியோடு முடிந்தது, "ஃபைனல் எடிஷன்" மட்டும் அந்த வருடம் நவம்பர் வரை. இனி வருவது மிச்சமிருப்பவை. ஐரோப்பாவுக்குப் போன 48 வோல்ட் ஹைபிரிட் 129 குதிரைவலு, ஜப்பான் கார் 140. விளம்பரத்தில் எதைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

மரைன் டிரைவ்: கடல் பக்கம் நிறுத்தினால் துருப்பிடிக்குமா? ஓயில் எப்போது மாற்றுவது?

பிடிக்கும். முதலில் பிரேக் டிஸ்க்கின் ஓரமும் சஸ்பென்ஷன் பொல்ட்டும். கிழமைக்கு ஒருமுறை அடிப்பகுதிக்கு வெறும் தண்ணீர் அடியுங்கள், காலையில் முதல் மூன்று பிரேக்கை சற்று அழுத்திப் பிடியுங்கள். ஓயில் 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. 5டபிள்யூ-30, ஏபிஐ எஸ்பி. ஃபில்டரோடு ஏறக்குறைய 3.3 லீற்றர். நான்கு லீற்றர் டின்னை முழுக்க ஊற்றுகிற கராஜ் இருக்கிறது, டிப்ஸ்டிக்கை நீங்களே இழுத்துப் பாருங்கள்.

ஹவ்லொக் டவுன்: எங்கள் அடுக்குமாடியில் நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்கு இறங்கும் சரிவு செங்குத்து. முன் பம்பர் தட்டுமா? 92 பெற்றோல்...

92 வேண்டாம்.

சரிவுக்கு: ஒரு மெல்லிய பலகையைச் சரிவின் அடியில், தரை சமமாகிற இடத்தில் நிறுத்தி, முன் பம்பர் உதட்டின் உயரத்தை அதில் குறித்துப் பாருங்கள். வாங்கும் முன்பே, விற்பவரைக் காரோடு அங்கே கூப்பிடலாம், உண்மையில் விற்க விருப்பமுள்ளவர் வருவார். இறங்கும்போது நேராகப் போகாமல் கோணமாக, ஒரு முன்சக்கரம் முதலில் தரையைத் தொடும்படி எடுங்கள். நான்கு பேரோடு பின்சீற்றும் நிறைந்திருந்தால் நடுப்பகுதி மேல் விளிம்பில் தட்டும், இரண்டு பேரை மேலேயே இறக்கிவிடுங்கள். கதவைத் தாண்டியதும் வேகத்தடை ஒன்றும் இருந்தால், 16 அங்குல றிம்மோடு 205/50 ரயர் போடுங்கள்.